24 செ.மீ. பாத்திரத்துக்கு ஒரு பாட்டில் வைன் போதவில்லை

பாரிஸ் கடைகளில் குளிர்காலத் தள்ளுபடி தொடங்கிவிட்டது. எனாமல் பூசிய 24 செ.மீ. வார்ப்பிரும்புப் பாத்திரம் விலை இறங்கியிருக்கிறதே, பேரிக்காயை முழுதாகச் சிவப்பு வைனில் வேகவைத்துச் செய்யும் இனிப்புக்கு அதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தப் பாத்திரத்தை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அதன் எடை, மூடியின் பொருத்தம், எந்தெந்த அடுப்பில் வைக்கலாம் என்பவையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். குழம்பு, இறைச்சி, ரொட்டி ஆகியவற்றுக்கு அது எவ்வளவு உகந்தது என்பதையும் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது பழத்தைப் பற்றி மட்டுமே.

முதலில் என் தீராத எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். 24 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் அடிப்பரப்பு ஏறத்தாழ 450 சதுர செ.மீ. ஒரு பாட்டில் வைன் 750 மி.லி.; அதில் 150 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் 840 மி.லி. அளவுக்கு வரும். தோல் சீவிய நான்கு நடுத்தரப் பேரிக்காய்கள் சுமார் 600 மி.லி. இடத்தை அடைத்துக்கொள்ளும். எல்லாம் முழுக மூழ்கியதாகவே வைத்துக்கொண்டாலும் திரவ மட்டம் மூன்று செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பேரிக்காயின் பருத்த பகுதியோ ஆறு செ.மீ. இருக்கும். ஆகவே பழத்தின் பாதி வைனிலும் மீதி பாதி காற்றிலும் கிடக்கிறது. இதே அளவுகளை 18 செ.மீ. சாஸ்பேனில் போட்டால் மட்டம் ஆறு செ.மீ.யை நெருங்கிவிடும். இந்தப் பாத்திரத்தைப் புகழ்ந்து எழுதுகிற எவரும் இந்த எளிய கணக்கைப் போட்டுக் காட்டியதாக நான் பார்த்ததில்லை.

விளைவு என்னவென்றால், கீழ்ப்பாதி ஆழ்ந்த மாதுளைச் சிவப்பாகவும் மேற்பாதி பழுப்பு கலந்த வெளிறிய நிறமாகவும், இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற ஒரு கோட்டுடனும் பழம் வெளியே வருகிறது. சாயம் சரியாகப் பிடிக்காத பருத்திப் புடவையைப் போல அது தட்டில் நிற்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிடு என்பார்கள். திருப்பலாம்தான், ஆனால் பாதி வெந்த பழத்தைக் கரண்டியால் புரட்டினால் தசையில் வடு விழுகிறது, காம்பைப் பிடித்துத் திருப்பினால் காம்பு கையோடு வந்துவிடுகிறது. இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்ட பிறகும் நிறம் பட்டை பட்டையாகத்தான் ஏறுகிறது.

இதற்குச் சொல்லப்படும் மற்ற தீர்வுகளும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. இன்னொரு பாட்டில் ஊற்றினால் செலவு இரட்டிப்பாவதோடு, சுண்டவைக்க வேண்டிய பாகும் இரட்டிப்பாகிறது. தண்ணீர் சேர்த்தால் நிறமும் மணமும் நீர்த்துப்போகின்றன. பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி, நடுவில் சிறு துளையிட்டு, பழத்தின்மேல் படியும்படி அழுத்தி வைப்பது பிரெஞ்சுச் சமையலறைகளின் பழைய வழக்கம். அது மேற்பரப்பு காய்ந்து கறுக்காமல் காக்கிறது, நீராவியையும் உள்ளே பிடித்துவைக்கிறது. இல்லாத வைனை அதனால் உண்டாக்க முடியாது. பழத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டிக் கவிழ்த்து வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அப்போது மூன்று செ.மீ. ஆழம் போதும். ஆனால் காம்போடு முழுதாக நிமிர்ந்து நிற்கும் சிவந்த பழத்துக்காகத்தான் இந்த இனிப்பைச் செய்கிறோம்.

நெதர்லாந்துக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அங்கே வேகவைப்பதற்கென்றே வளர்க்கப்படும் கீசர் வில்டமன் என்ற கெட்டியான பேரிக்காய், நீண்ட நேரம் மெல்லிய சூட்டில் வேகும்போது வைன் இல்லாமலே தானாகச் சிவக்கும். பழத்திலுள்ள துவர்ப்புப் பொருளே சூட்டில் நிறமியாக மாறிவிடுகிறது. இத்தாலியின் பியத்மாண்டில் மார்ட்டின் செக் என்ற சிறிய, சொரசொரப்பான தோலுள்ள வகையை வைனிலும் கிராம்பிலும் பட்டையிலும் வேகவைப்பார்கள். அளவில் சிறியது என்பதால் அது இந்தப் பாத்திரத்தில்கூட மூழ்கக்கூடும். பாரிஸ் சந்தையில் எனக்குச் சுலபமாகக் கிடைப்பது கான்ஃபெரன்ஸ் வகைதான். 1885இல் லண்டனில் நடந்த பேரிக்காய் மாநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டதால் அந்தப் பெயர் பெற்ற ஆங்கிலேயப் பழம் அது. நீண்ட கழுத்தும் இறுகிய தசையும் உடையது, வெந்தாலும் உருக்குலையாது. வில்லியம்ஸ் வகை மணத்தில் சிறந்ததுதான், ஆனால் சற்றுப் பழுத்திருந்தாலும் வைனிலேயே கரைந்துபோகும். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுப்பது என்பதால், கழுத்தருகே அழுத்தினால் சிறிதளவே நெகிழும் பழத்தை எடுப்பது நல்லது. வயிற்றுப் பகுதி மெத்தென்று ஆகும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி மாவாகியிருக்கும்.

இனி பாத்திரத்தின் பக்க நியாயம். வைன் புளிப்பானது. பூச்சில்லாத வார்ப்பிரும்பில் ஊற்றினால் அதிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து திரவம் கறுத்து, வாயில் உலோகச் சுவை தங்கும். அலுமினியச் சட்டியிலும் புளிப்பு உலோகத்தை அரிக்கும், நிறமும் மங்கி நீலம் பாயும். வீட்டிலிருக்கும் அலுமினியப் பாத்திரம் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எனாமல் எதனோடும் சேராது. அதைவிட முக்கியம், கனத்த இரும்பு சூட்டைப் பிடித்துவைக்கும் விதம். பழம் வேக வேண்டியது கொதிநிலையில் அல்ல, 85 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் பழம் ஒன்றோடொன்று மோதி விளிம்பு சிதைகிறது. இந்தப் பாத்திரத்தில் ஒருமுறை சூட்டைச் சரிசெய்துவிட்டால் அடுப்பின் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. மெல்லிய பாத்திரங்களில் இந்த நிம்மதி கிடைப்பதில்லை.

வைனில் பழம் வேக நேரமாகிறதே என்று பலர் தீயைக் கூட்டிவிடுகிறார்கள். அது பழத்தின் குற்றமோ பாத்திரத்தின் குற்றமோ அல்ல. புளிப்பும் சர்க்கரையும் பழத்தின் செல்சுவர்கள் இளகுவதைத் தாமதப்படுத்துகின்றன, அதனால்தான் பழம் குழையாமல் வடிவத்தோடு நிற்கிறது. கான்ஃபெரன்ஸ் வகைக்கு, அது எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். மெல்லிய கத்தி முனை தடையின்றி இறங்கினால் நிறுத்திவிடலாம்.

நான் எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி ஒன்று உண்டு, அது பழம் வெந்த பிறகுதான் தொடங்குகிறது. பழங்களை எடுத்து வைத்துவிட்டு, மீந்த வைனை வடிகட்டி, மூடியில்லாமல் தீயைக் கூட்டினால், நான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அதே அகலம் பாகைக் கிடுகிடுவென்று சுண்டவைக்கிறது. பெரிய குமிழிகள் சிறுத்து, நெருங்கி, பளபளக்கும் நுரையாக மாறும் தருணத்தை இந்த வெளிர் மஞ்சள் எனாமலில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. கறுப்பு உட்பூச்சுள்ள பாத்திரத்தில் பாகு எப்போது தீய்கிறது என்பது மூக்குக்குத்தான் தெரியும். கரண்டியின் முதுகில் தோய்த்து விரலால் கோடிழுத்தால் கோடு சேராமல் நிற்க வேண்டும். கம்பிப் பதம் வரை போகக் கூடாது, ஆறும்போது இன்னும் இறுகும். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிய அந்தப் பாகைப் பழத்தின்மேல் ஊற்றினால் வெளிறிய பாதிகூட ஓரளவு மறைகிறது. மறைகிறது என்றுதான் சொன்னேன், தீர்கிறது என்று சொல்லவில்லை.

சுண்டவைப்பதை முன்னிட்டே வைனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். திரவம் குறையக் குறைய வைனின் துவர்ப்பு மிகுந்துகொண்டே போகும். ஆகவே கனத்த போர்தோ வைன்களைவிட, துவர்ப்பு குறைந்த கமே திராட்சையில் செய்யப்படும் பொஜொலே போன்றவை இதற்குப் பொருந்தும். விலையும் மனத்தை உறுத்தாது. மதுப் பழக்கமில்லாத விருந்தினர்களிடம் கொதித்ததும் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்று சொல்லிப் பரிமாறுகிற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி அரை மணி நேரம் மெல்லக் கொதித்த உணவில் 35 விழுக்காடும், ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 விழுக்காடும் எஞ்சியிருக்கும். அகன்ற பாத்திரத்தில் சுண்டவைத்தால் அது மேலும் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. அத்தகையவர்களுக்கு நான் கறுப்புத் திராட்சைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து தனியாகச் செய்துவிடுகிறேன்.

வாசனைப் பொருள்களில் கை சற்று இறுகியே இருக்கட்டும். ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஏழெட்டு மிளகு, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய ஆரஞ்சுத் தோல், இவை ஒரு பாட்டிலுக்குப் போதும். அன்னாசிப்பூ போடுவதானால் ஒன்றே ஒன்று, அதையும் கிராம்பையும் அடுப்பை அணைத்ததும் எடுத்துவிட வேண்டும். இரவெல்லாம் ஊறவிட்டால் மறுநாள் பேரிக்காய் இருந்த சுவடே தெரியாது. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியிலுள்ள தமிழ்க் கடைகளில் இலங்கைப் பட்டை கிடைக்கிறது. பல அடுக்குச் சுருளாக, கையால் நொறுங்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும் அதன் மென்மையான இனிப்பு மணம், தடித்த சாதாரணப் பட்டையின் காரத்தைவிட வைனோடு நன்றாக இணங்குகிறது. உதிர்ந்த துணுக்குகள் பழத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெல்லிய துணியில் முடிந்து போடுகிறேன்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைனின் கறை வெளிர் எனாமலில் சாம்பல் கலந்த ஊதாவாகப் படியும். தண்ணீரில் ஆப்பச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் அது நீலப் பச்சையாக நிறம் மாறிக் கழன்று வருவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். விளிம்பில் ஒரு கடுகளவு எனாமல் பெயர்ந்தபோது, வாழ்நாள் உத்தரவாதம் தந்த நிறுவனத்துக்குப் படத்துடன் எழுதினேன். அது இயல்பான பயன்பாட்டால் நேர்ந்த தேய்மானம், உத்தரவாதத்தில் அடங்காது என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. யாருடைய வாழ்நாளைக் குறித்த உத்தரவாதம் என்று கேட்டு மறுபடி எழுதினேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு வாங்குங்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும், வாங்க வேண்டாம். முழுப் பேரிக்காயை வைனில் வேகவைப்பதுதான் நோக்கமென்றால் 24 செ.மீ. பாத்திரம் பாதி விலைக்கு வந்தாலும் தவறான பாத்திரமே. இதே வகையில் 18 அல்லது 20 செ.மீ. அளவு தள்ளுபடிக்கு வந்தால் யோசிக்கலாம். வராவிட்டால் கனத்த அடியுள்ள 18 செ.மீ. எஃகு சாஸ்பேன் ஒன்றை வாங்கி, பழத்தின்மேல் பட்டர் பேப்பரும் அதன்மேல் ஒரு சிறு தட்டும் வைத்து அழுத்தி, வெந்த பழங்களை அந்த வைனிலேயே இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் ஊறவிடுங்கள். மறுநாள் வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் நின்ற சிவப்பு உள்ளே வெகுதூரம் இறங்கியிருக்கும். பாகு சுண்டத்தான் கூடுதல் நேரமெடுக்கும். நானும் அந்த ஒரு வேலைக்காகத்தான் என் 24 செ.மீ. பாத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், விலைக்குக் கேட்டவர்களுக்கும் அது இல்லை என்று சொல்லியாகிவிட்டது.