சுண்ணாம்பை எங்கே கொட்டுவது: ஏரியிலா, புகைபோக்கியிலா?

டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பாடம் எடுக்கும்போது நான் பெரிதாக எதுவும் வாங்குவதில்லை. பழவேற்காட்டுக் கரையில் பொறுக்கிய இரண்டு கிளிஞ்சல், மளிகைக் கடை வினிகர், ஒரு கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான். கிளிஞ்சலைப் போட்டதும் அதன் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டும், பிறகு ஒவ்வொன்றாக மேலே வரும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஓரம் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். வினிகர் கிளிஞ்சலைத் தின்றது, கிளிஞ்சல் வினிகரின் புளிப்பைத் தின்றது. அமில மழை செய்யும் கெடுதலும் அதற்கான மருந்தும் இந்த ஒரே டம்ளருக்குள் இருக்கின்றன.

உலகம் முழுக்க அமில மழைக்குச் சொல்லப்பட்ட தீர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முக்கால்வாசிச் சண்டை சுண்ணாம்பை எங்கே போடுவது என்பதில்தான் வந்து நிற்கிறது. மழை பெய்த பிறகு ஏரியிலும் வயலிலுமா, அல்லது புகை வெளியே வருவதற்கு முன்பே புகைபோக்கிக்குள்ளா? எதுவுமே வேண்டாம், புகைபோக்கியை உயரமாகக் கட்டினால் போதும் என்பது மூன்றாவது கட்சி. நான் இருப்பது தமிழ்நாடு-ஆந்திர எல்லையில், கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் நடுவில். தெற்கே எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் கிருஷ்ணபட்டினம். அதனால் எனக்கு இது பாடப்புத்தக விஷயம் மட்டும் இல்லை.

முதலில் கணக்கு. 1 டன் நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 5 கிலோ. அது எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 10 கிலோ கந்தக டை ஆக்சைடாக வெளியே போகிறது. 500 மெகாவாட் மின் உற்பத்தி யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 7,000 டன் கரி தேவை. அப்படியானால் 70 டன் கந்தக வாயு, ஒரே யூனிட்டிலிருந்து, ஒரே நாளில். "இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்று சொல்வது உண்மைதான், ஆனால் நம் கரியில் சாம்பல் அதிகம், வெப்பம் குறைவு, அதனால் அதே மின்சாரத்துக்கு அதிகக் கரி எரிக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாகனமும் உலையும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொரு பக்கம். இரண்டும் மேகத்து ஈரத்தில் கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி இறங்குகின்றன.

சுத்தமான மழையே கொஞ்சம் புளிப்புதான், காற்றில் இருக்கும் கரியமில வாயுவால் அதன் பிஎச் (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.6 அளவில் இருக்கும். அதற்குக் கீழே போனால் அமில மழை என்கிறோம். 4.6 என்றால் பத்து மடங்கு புளிப்பு, 3.6 என்றால் நூறு மடங்கு. பெரும்பாலான மீன்களின் முட்டை 5க்குக் கீழே பொரிக்காது. மண்ணில் சும்மா கிடக்கும் அலுமினியம் அமிலத்தில் கரைந்து தண்ணீரில் இறங்கி மீனின் செவுளை அடைக்கும். மண்ணிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கழுவிக்கொண்டு போகும். சலவைக்கல், சுண்ணாம்புப் பூச்சு, கிளிஞ்சல் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் மூன்றும் அரிபடும், கருங்கல் தாக்குப்பிடிக்கும்.

நம் ஊர் நிலைமையையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் தகரக் கூரை துருப்பிடித்தால் உடனே அமில மழை என்பார்கள். கடலோரத்தில் உப்புக்காற்றுதான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. பழவேற்காடு ஏரியில் கடல்நீர் கலப்பதால் அதில் அமிலத்தைச் சமாளிக்கும் பைகார்பனேட் ஏராளமாக இருக்கிறது, நார்வே ஏரிகள் செத்தது மாதிரி அது சாகாது. இந்தியாவில் பறக்கும் மண்தூசியிலேயே சுண்ணாம்புச் சத்து உண்டு, அது இத்தனை காலம் நம் மழையை ஓரளவு காப்பாற்றியிருக்கிறது. போன ஐப்பசியில் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் பாத்திரம் வைத்து முதல் மழையைப் பிடித்துப் பிஎச் தாளை நனைத்தோம், 6க்கும் 7க்கும் நடுவில் ஒரு பச்சை காட்டியது. மூன்று நாள் விடாமல் பெய்து தூசியெல்லாம் அடங்கிய பிறகு பிடித்த தண்ணீர் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அந்தத் தாளால் 5.6ஐயும் 5.2ஐயும் பிரித்துக் காட்ட முடியாது, அதனால் அதை வைத்து நான் எதையும் அடித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் வானிலைத் துறையும் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் 1987 முதல் 2021 வரை 10 நிலையங்களின் மழைநீரைப் பார்த்ததில், விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகிய இடங்களில் புளிப்பு ஏறிவருவது தெரிந்திருக்கிறது. விசாகப்பட்டினம் எங்கள் கடற்கரையின் மேல்முனைதான்.

சரி, தீர்வுகளுக்கு வருவோம்.

உயரமான புகைபோக்கிதான் இருப்பதிலேயே மலிவு, நம் நாட்டில் நெடுங்காலம் இதுதான் வழி. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள யூனிட்டுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்று விதியே இருக்கிறது. அடிவாரத்து ஊருக்கு இதனால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கந்தகம் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை, விழும் இடம்தான் மாறுகிறது. கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்கு 1972ல் 381 மீட்டர் புகைபோக்கி கட்டினார்கள். ஊர்க்காற்று தெளிந்தது, புகை தொலைதூரத்து ஏரிகளுக்குப் போனது. பிரிட்டனின் புகை நார்வேயிலும் ஸ்வீடனிலும் இறங்கியதும் இதே கதை. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடேன் 1967ல் இதை எடுத்துச் சொன்ன பிறகும் நாடுகள் ஓர் உடன்படிக்கைக்கு வர 1979 ஆகிவிட்டது. 1985ல் கந்தகத்தை 30 சதவீதம் குறைக்க ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் போட்டபோது பிரிட்டன் கையெழுத்திடவில்லை.

எங்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியாததற்குக் காரணம் காற்று. சித்திரை வைகாசியில் தெற்கத்திக் காற்று எழும்பினால் எண்ணூர் பக்கத்துப் புகை பொன்னேரி, பழவேற்காடு தாண்டி சூளூர்பேட்டை பக்கம் சாயும். கார்த்திகையில் வாடை அடித்தால் வடக்கே எழுந்தது தெற்கே வரும். தடாவில் இருக்கும் என் அத்தை கோடையில் துணி காயப்போட்டால் வெள்ளைத் துணியை உள்பக்கம் மடித்துத்தான் போடுவார். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது, துணியை உதறிவிடலாம். கூடவே வரும் சல்ஃபேட் தெரியாது.

இரண்டாவது வழி, விழுந்த இடத்தில் சுண்ணாம்பு போடுவது. ஸ்வீடன் 1970களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குப் படகிலும் ஹெலிகாப்டரிலும் சுண்ணாம்புக்கல் மாவு தூவுகிறது. சட்பரியிலும் 1978லிருந்து கறுத்துப்போன பாறை மேடுகளில் ஆட்கள் கையால் சுண்ணாம்பு தூவிப் புல்லும் மரமும் வளர்த்தார்கள், அந்த ஊரின் பழைய படங்களையும் இன்றைய படங்களையும் சேர்த்துப் பார்த்தால் நம்ப முடியாது. பலன் கண்முன் தெரியும் வழி இது, மீன் திரும்ப வரும். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பழகிய எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே புரியும். ஆனால் புகை நிற்காதவரை சுண்ணாம்பும் நிற்க முடியாது, சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கோபுரத்துக்குப் போட முடியாது, நுரையீரலுக்குப் போட முடியாது. செலவும் புகையை விட்டவனுடையது அல்ல, ஏரிக்கரைக்காரனுடையது. இதை நான் கட்டுப்போடுவதாகத்தான் பார்க்கிறேன். கட்டும் தேவைதான், சட்பரி மீண்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 1985ல் ஒன்டாரியோ மாகாணம் உச்சவரம்பு போட்டு ஆலையையே குறைக்க வைத்ததால்தான் தூவிய சுண்ணாம்பு வீணாகவில்லை.

மூன்றாவது, அதே சுண்ணாம்புக்கல்லைப் புகைபோக்கிக்கு முன்னால் வைப்பது, அதாவது புகையைக் கழுவும் கருவி. கல்லை அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, உயரமான கோபுரத்துக்குள் புகை ஏறும்போது மேலிருந்து மழை மாதிரி பொழிய விடுகிறார்கள். கந்தகம் கூழில் சேர்ந்து ஜிப்சமாக அடியில் இறங்குகிறது. 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். முன்பு சொன்ன 70 டன்னையும் முழுதாகப் பிடித்தால் சுமார் 110 டன் சுண்ணாம்புக்கல் போய் 190 டன்னுக்கு அருகில் ஜிப்சம் வரும், சிமென்ட் ஆலைக்கு அது சரக்கு. எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு: தண்ணீர் குடிக்கும், நிலையத்தின் மின்சாரத்திலேயே 1 முதல் 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கல் கரையும்போது கரியமில வாயு வரும், கல்லை வெட்டிக் கொண்டுவர லாரி ஓடும். இதெல்லாம் தெரிந்தும் என் ஓட்டு இதற்குத்தான். 190 டன் ஜிப்சத்தை ஒரு கொட்டகையில் குவித்துவைக்க முடியும், 70 டன் வாயுவை எங்கேயும் குவித்துவைக்க முடியாது.

இதிலேயே கடல்நீரால் கழுவும் முறை ஒன்று உண்டு, மும்பை டிராம்பேயில் 1980களிலிருந்து இருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கு மலிவு, கல்லும் வேண்டாம், ஜிப்சமும் இல்லை. ஆனால் கழுவிய தண்ணீர் சூடாக, புளிப்பாக, ஆக்சிஜன் குறைந்து வெளியே வரும், நன்றாகக் காற்றூட்டிய பிறகே விட வேண்டும். திறந்த ஆழ்கடல் பக்கத்தில் இருந்தால் சரி. இறாலும் மடவையும் குஞ்சு வளர்க்கும் கழிமுகத்துக்குப் பக்கத்தில் எனக்கு இதில் சம்மதம் இல்லை.

கருவி எது என்பதைவிட அதை மாட்ட வைப்பது யார், எப்படி என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. ஜெர்மனி 1983ல் ஒரே ஆணை போட்டது: பெரிய உலைகளில் கன மீட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு கூடாது, 1988க்குள் முடி, இல்லை மூடு. காடு சாகிறது என்ற பயம் மக்களிடம் அவ்வளவு இருந்தது, ஐந்தே வருடத்தில் வேலை நடந்தது, செலவு அதிகம். அமெரிக்கா 1990ல் வேறு வழி பிடித்தது. நாட்டுக்கே ஒரு உச்சவரம்பு, ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு அனுமதிச்சீட்டு, குறைத்தவன் மிச்சத்தை விற்கலாம். முதல் கட்டம் 1995ல் தொடங்கியது. 2010ல் மின் நிலையங்களின் கந்தகம் 1990ல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த செலவில். அதைச் சந்தையின் வெற்றி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். வயோமிங்கின் கந்தகம் குறைந்த கரி ரயிலில் மலிவாக வந்து சேர்ந்ததற்கும் அதில் பாதிப் பெருமை போக வேண்டும். இன்னொன்று, அங்கே ஒவ்வொரு புகைபோக்கியிலும் ஓயாமல் அளக்கும் கருவி இருந்தது, அளவு தவறினால் அபராதம் தானாக விழுந்தது. அளவை நம்ப முடியாத இடத்தில் சீட்டு விற்பது தராசு இல்லாத மீன்கடை. நம் நாட்டிலும் முடியாதது இல்லை. சூரத்தில் 2019ல் தூசிக்கு இதே மாதிரி சந்தை தொடங்கி, கலந்துகொண்ட ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது.

ஸ்வீடன் 1991ல் கந்தகத்துக்கு வரி போட்டது. சீனா 2007ல் கழுவும் கருவி ஓட்டும் நிலையத்துக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.5 ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு ஒரு ஃபென்) கூடுதல் விலை கொடுத்தது, மாட்டிவிட்டு ஓட்டாமல் வைத்திருந்தால் அபராதம். எனக்கு இதில் பிடித்தது அந்த "ஓட்டாமல்" என்ற சொல்தான். கருவியை வாங்குவது ஒன்று, தினமும் கல் அரைத்து ஓட்டுவது வேறு.

நாம் என்ன செய்தோம்? 2015 டிசம்பரில் நல்ல விதி வந்தது. பெரிய பழைய யூனிட்டுக்கு 200 மில்லிகிராம், 2017 முதல் வருவதற்கு 100. இரண்டு வருடத்தில் முடிக்கச் சொன்னது 2022க்குப் போனது, பிறகும் தள்ளித் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் ஏறத்தாழ முக்கால்வாசி யூனிட்டுகளுக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்திலிருந்தும் தலைநகர் வட்டாரத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 முடிவு வரை கெடு, மாசு மிகுந்த பகுதிகளை ஒட்டியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு, மற்றவற்றுக்கு விலக்கு. சொன்ன காரணம், காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏற்கனவே வரம்பான 80 மைக்ரோகிராமுக்கு வெகு கீழே இருக்கிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 25 முதல் 30 காசு மிச்சமாகும் என்பது.

நான் முழுக்க மாறுபடுவது இங்கேதான். வாயுவாக அளந்தால் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் அது வாயுவாகவே நிற்பதில்லை. ஓரிரு நாளில் சல்ஃபேட் துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் மூச்சிலும் மழையிலும் இறங்குகிறது. நகரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டு விதியை நிறுத்தினால், உயரமான புகைபோக்கி செய்த அதே வேலையை இப்போது காகிதத்தில் செய்கிறோம். நகரத்துக்குள் இருப்பவருக்குச் சுண்ணாம்பு புகைபோக்கியில், எல்லையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

கந்தகமே இல்லாத எரிபொருள் என்ற நாலாவது வழிக்கு நம்மிடம் நல்ல உதாரணம் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50லிருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஆனது, முன்பே மாறிவிட்ட தில்லி வட்டாரம் தவிர நாடு முழுக்க ஒரே தேதியில். கல்கத்தா ரோட்டில் ஓடும் லாரி தமிழ்நாட்டில் நிரப்பினாலும் ஆந்திராவில் நிரப்பினாலும் அதே டீசல். நிலக்கரிக்கு அப்படி ஒரு தேதி சூரிய மின்சாரமும் காற்றாலையும் நிறைந்த பிறகுதான் வரும், அதுவரை ஓடப்போகும் யூனிட்டுகளுக்குக் கழுவும் கருவி வேண்டும்.

ஆகவே என் வரிசை இது: புகைபோக்கிக்குள் சுண்ணாம்புக்கல், மாநில எல்லை பார்க்காத ஒரே வரம்பு, ஓட்டினால் காசு ஓட்டாவிட்டால் அபராதம், மணிக்கு மணி அளவு பொதுமக்கள் பார்வைக்கு. சந்தை வேண்டுமானால் அந்த அளவுகள் நம்பும்படி ஆன பிறகு வரட்டும். ஏரிக்குச் சுண்ணாம்பு ஏற்கனவே கெட்ட இடத்துக்கு மட்டும்.

இந்த ஐப்பசிக்கு இரண்டு பாத்திரம் வைக்கப் போகிறோம், ஒன்று எங்கள் மாடியில், ஒன்று தடாவில் அத்தை வீட்டு மாடியில். தாளுக்குப் பதிலாக இந்த முறை மீட்டர் வாங்கப் பிள்ளைகளே காசு சேர்த்திருக்கிறார்கள்.