“முதலையா? நம்ம ஏரியில் கிடையாது” என்றார். 2,340 டாலர் போச்சு

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் ஏரிக்கரை வீடு வாடகைக்கு எடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். 2,340 டாலர். ஊர்ப் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். ஐந்து ராத்திரிக்குக் கட்டினேன், இரண்டு ராத்திரிதான் தங்கினோம். திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது, ஒரு சென்ட் கூட வரவில்லை. வயிறு எரிகிறது.

எந்தத் தளம், எந்த வீடு என்று பெயர் போடப்போவதில்லை. பேங்க்கில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது, பெயர் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு என் மேல் பாய்வார்கள். விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுகிற தளங்களில் ஒன்று, அவ்வளவுதான். வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது. பத்துப் பதினைந்து வீடுகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒருவர்தான் எல்லாம். வீடு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். அப்பாவும் அம்மாவும் மார்ச்சில் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார்கள். ஏப்ரலில் பள்ளிக்கூடம் ஒரு வாரம் லீவு. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. ஹோட்டலில் இரண்டு ரூம் போட்டால் அம்மாவுக்குச் சமையல்கட்டு இருக்காது. ஒரு வாரம் பீட்சா சாப்பிட அம்மாவால் ஆகாது. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கிஸிமீ பக்கம் ஏரியை ஒட்டி மூன்று படுக்கையறை வீடு. சொந்த மணல் கரை, மரத்தால் கட்டிய படகுத்துறை, இரண்டு கயாக் (சின்னத் துடுப்புப் படகு) இலவசம். “குழந்தைகள் காலை நனைத்து விளையாடலாம்” என்று எழுத்திலேயே போட்டிருந்தார்கள். முதல் படத்தில் ஒரு குழந்தை முழங்கால் தண்ணீரில் வாளியோடு நிற்கிறது.

என் மனைவிதான் தடுத்தாள். 2016 ஜூனில் டிஸ்னி வேர்ல்டின் ஏரிக்கரை ஹோட்டலில் நடந்தது அவளுக்கு மறக்கவே இல்லை. இரவு ஒன்பது மணி வாக்கில், செயற்கையாக வெட்டிய ஏரியின் மணல் கரையில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்ற இரண்டு வயதுப் பையனை முதலை இழுத்துக்கொண்டு போனது. அப்பாக்காரர் தண்ணீருக்குள் பாய்ந்து போராடியும் மீட்க முடியவில்லை. அந்தக் கரையில் “நீந்தக் கூடாது” என்று பலகை இருந்ததே தவிர, முதலை என்று ஒரு வார்த்தை இல்லை. எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் அதற்கப்புறம் வந்தவை. “பணம் கட்றதுக்கு முன்னாடி போன் போட்டு நேரா கேட்டுடுங்க” என்றாள்.

கேட்டேன். நான் கேட்காமல் ஏமாந்தவன் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

மேனேஜர் சிரித்தார். நல்ல சிரிப்பு, நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தோளில் தட்டிச் சிரிக்கிற மாதிரி. “மை ஃப்ரெண்ட், டிவியில் பார்த்துவிட்டு எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நம்ம ஏரி தனி ஏரி, ஆற்றோடு சேராது. முதலை கிடையாது. போன வாரம் என் பேரப்பிள்ளைகளே அதில்தான் குதித்து ஆடினார்கள்.”

பேரப்பிள்ளைகள் என்றதும் நான் விழுந்துவிட்டேன். அப்பா அம்மாவும் வருகிறார்கள் என்று சொன்னேன். இந்தியக் கடை எங்கே இருக்கிறது, அங்கே இட்லி அரிசி கிடைக்கும் என்றெல்லாம் அவரே சொன்னார். இட்லி அரிசி பற்றிப் பேசுகிற மனுஷன் பொய் சொல்வானா? இன்னொரு குடும்பமும் அதே தேதிக்குக் கேட்கிறது, இன்றைக்கே கட்டினால் நல்லது என்றார். போனை வைப்பதற்குள் கார்டு நம்பரைப் போட்டுவிட்டேன். 2,340 டாலர், துடைத்துப் பெருக்கும் கட்டணம் 225 உள்பட.

“தனி ஏரி” என்பது எவ்வளவு பெரிய புருடா என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஃப்ளோரிடாவில் 67 கவுண்டிகள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), அத்தனையிலும் முதலை இருக்கிறது. மொத்தம் சுமார் 13 லட்சம் என்பது அந்த மாநில வனவிலங்கு ஆணையத்தின் கணக்கு. ஒரு காலத்தில் அழியப்போகிறது என்று 1967-இல் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தார்கள். பெருகிவிட்டது என்று 1987-இல் எடுத்துவிட்டார்கள். ஆறு, சதுப்பு நிலம் மட்டும் இல்லை, மழைத் தண்ணீர் தேங்க வெட்டிய குட்டை, கோல்ஃப் மைதானக் குளம், எதிலும் இருக்கும். ஒரு குளம் பிடிக்கவில்லை என்றால் தரையில் நடந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும். அதுவும் ஏப்ரல் தொடங்கினால் இணை தேடி அலைகிற காலம். அந்த மேனேஜருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஃப்ளோரிடாவில் இருக்கிற கைக்குழந்தைக்குத் தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் இரண்டும் அந்தக் கரையில் நாற்பது நிமிடம் ஆடின. நான் படகுத்துறையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் நாள், பொழுது சாய்கிற நேரம். பெரியவன் படகுத்துறைப் பலகையில் தட்தட்டென்று ஓடிக்கொண்டிருந்தான், சின்னவள் மணலில். அப்பா கையில் காபியோடு நின்றவர், சத்தமே போடாமல் என் பக்கம் திரும்பி, “தம்பி, புள்ளைங்கள மேல கூப்பிடு. ஓடாம வரச்சொல்லு” என்றார். நான் பார்த்தேன். கரையிலிருந்து இருபது அடியில் ஒரு கட்டை மிதந்தது. கட்டைதானேப்பா என்றேன். “கட்டைன்னா காத்தடிக்கிற பக்கம் போவும். இது காத்துக்கு எதிர்ல வருது” என்றார்.

அப்பா பழைய கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர். அங்கே முதலை பிடித்து ஆள் செத்த ஊர்கள் உண்டு. வனத்துறை முதலையைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவது அங்கே வாடிக்கை. அது வேறு இனம், இது அலிகேட்டர். ஆனால் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மிதந்து வருகிற விதம் ஒன்றுதான் போல. நான் பொறியியல் படித்தவன், கட்டை என்றேன்.

பிள்ளைகளை வீட்டுக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிய பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓரமாக வந்தார். எழுபது வயது இருக்கும். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே எத்தனை அங்குலமோ, முதலை அத்தனை அடி நீளம் என்பது அங்கே ஒரு கைக்கணக்காம். எட்டடி இருக்கும் என்றார். ரொம்ப நாளாக அங்கேதான் இருக்கிறதாம். தங்க வருகிறவர்கள் படகுத்துறையில் நின்று மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய்) எறிகிறார்களாம். ஃப்ளோரிடாவில் முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், காரணத்தோடுதான் சட்டம் போட்டிருக்கிறார்கள். மனுஷனைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டிய மிருகம், தீனி பழகினால் மனுஷனைத் தேடி வரும். பலகையில் காலடிச் சத்தம் கேட்டால் இது கரைக்கு வந்துவிடும் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு என் பையன் தட்தட்டென்று ஓடியதுதான் காதில் கேட்டது. மேனேஜரிடம் மூன்று முறை சொல்லிவிட்டாராம்.

இதற்கு மேலும் ஒன்று. அன்று ராத்திரி பெரியவன் கராஜில் சைக்கிள் பம்ப் தேடப் போனவன், “அப்பா, இங்க ஒரு போர்டு இருக்கு” என்றான். கயாக் துடுப்புகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். மஞ்சள் பலகை, வாய் திறந்த முதலைப் படம், “தண்ணீரின் அருகே போகாதீர்கள்”. கீழே மண் ஒட்டிய கம்பம் அப்படியே இருக்கிறது. கரையில் நட்டிருந்ததைப் பிடுங்கிக் கொண்டுவந்து ஒளித்திருக்கிறார்கள். விளம்பரப் படத்தில் தெரிந்தால் யார் வருவார்கள்?

மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார். அதே சிரிப்பு, ஆனால் இப்போது சின்னதாக. “மை ஃப்ரெண்ட், இது ஃப்ளோரிடா. தண்ணீர் இருந்தால் முதலை இருக்கத்தானே செய்யும்?” இல்லை என்று சொன்னீர்களே என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். பலகை? “அது பழைய பலகை.” பேரப்பிள்ளைகள்? பதில் இல்லை. அப்புறம் ஒரு புள்ளிவிவரம் எடுத்துவிட்டார்: மாநிலம் முழுக்க ஆண்டுக்குச் சராசரியாக எட்டுப் பேரைத்தான் வைத்தியம் பார்க்கிற அளவுக்குக் கடிக்கிறதாம், மின்னல் தாக்குகிற மாதிரி அபூர்வமாம். கணக்கு சரிதான், பார்த்துவிட்டேன். அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் அங்கே குடியிருக்கிறவர்களுக்கு முதலை இருக்கிறது என்று தெரியும், அந்தி சாய்ந்தால் கரைப் பக்கம் போக மாட்டார்கள், நாயைக்கூட விடமாட்டார்கள். எங்களிடம்தான் இல்லை என்று சொல்லியாயிற்றே.

மறுநாள் காலை மாநிலத்தின் முதலைப் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன், 866-392-4286. பேசிய பெண்மணி பொறுமையாக விளக்கினார். நான்கு அடிக்கு மேல் இருந்து ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ ஆபத்து என்றால் ஒப்பந்தப் பிடிகாரரை அனுப்புவார்கள். தனியார் இடம் என்பதால் இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம் வேண்டும். மேனேஜரிடம் கேட்டேன். பிடிகாரர் வண்டி வாசலில் நின்றால் அடுத்து வருகிறவர்கள் பயப்படுவார்களாம். பெரிய முதலையைப் பிடித்தால் வேறு ஏரியில் விடமாட்டார்கள், பழைய இடத்துக்கே திரும்பி வரும் என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். எனக்கு அந்த மிருகத்தின் மேல் கோபமில்லை. மார்ஷ்மெல்லோ எறிந்தவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான், என்றைக்காவது சாகப்போவது அது.

அன்றே காலி செய்தோம். நெடுஞ்சாலை ஓரம் ஒரு மோட்டலில் மூன்று ராத்திரி, 612 டாலர். அம்மா மைக்ரோவேவில் சாதம் வைத்தார். 2,340 போனதோடு இதுவும்.

தளத்துக்காரர்கள் கதை தனி. முதல் பெண் “உங்கள் வேதனை புரிகிறது” என்று கேஸ் நம்பர் கொடுத்து 72 மணி நேரம் கேட்டாள். ஐந்து நாள் கழித்து வேறொருவர், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். மேனேஜர் முதலை இல்லை என்று சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? போனில் சொன்னார் என்றேன். எங்கள் தளத்தின் மெசேஜ் பெட்டியில் இல்லாததை நாங்கள் பார்க்க முடியாது என்றார். பலகைப் படத்தை அனுப்பினேன். அது அந்த வீட்டில் எடுத்த படம்தான் என்பதற்கு என்ன நிச்சயம்? முதலையின் படத்தையும் அனுப்பினேன். “இயற்கையான ஏரி” என்று விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்கிறது சார், வனவிலங்கு அதில் அடக்கம். மூன்றாவது ஆள் கேஸை முடித்துவிட்டதாக மெயில் அனுப்பி, நல்லெண்ணத்தின் பேரில் 75 டாலர் கூப்பன் கொடுத்தார். அடுத்த முறை அதே தளத்தில் வீடு எடுக்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். ஆறு மாதத்துக்குள். 2,340 டாலருக்கு 75 டாலர் கூப்பன்! நான் எழுதிய விமர்சனத்தையும் “பரிசீலனையில்” வைத்திருக்கிறார்கள். நேற்று பார்த்தேன், வாளியோடு நிற்கிற அந்தக் குழந்தைதான் இன்னும் முதல் படம்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். பேங்க்கிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலை உண்டா என்று தளத்தின் மெசேஜ் பெட்டியில் எழுதிக் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் பேசவே பேசாதீர்கள். ஃப்ளோரிடாவில் நன்னீர்க் கரையில் இல்லை என்று யார் சொன்னாலும் பொய். நீந்தலாம் என்று குறித்துவிட்ட இடத்தில், பகலில் மட்டும் தண்ணீரில் இறங்குங்கள். அந்தி முதல் விடியும் வரை பிள்ளைகளைக் கரைப் பக்கமே விடாதீர்கள். போய் இறங்கியதும் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். கராஜையும் ஒரு தடவை பாருங்கள். கூப்பனை ஏற்றுக்கொள்ளும் பட்டனை மட்டும் அமுக்கிவிடாதீர்கள், அதை அமுக்கினால் பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்று சம்மதித்த மாதிரி, கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.