கிறிஸ்தவராகவும் லிபரலாகவும் இருக்க முடியுமா? அமெரிக்கா வாழ்ந்து பார்த்த மூன்று வழிகள்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு எண்ணம் தானாகப் படிந்துவிடும்: பக்தியுள்ள கிறிஸ்தவர் என்றால் குடியரசுக் கட்சி, லிபரல் என்றால் கோயில் பக்கம் போகாதவர். வெள்ளையின சுவிசேஷ சபையாரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் 2016-இலும் 2020-இலும் டிரம்புக்கு வாக்களித்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்நாட்டில் சபைக்குத் தவறாமல் போகிறவர்களில் முன்வரிசையில் நிற்கும் கறுப்பின மக்கள், மிகப் பெரும்பான்மையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். இரு தரப்பும் வாசிப்பது ஒரே வேதாகமம்.

ஏழைக்கு அரசு துணை நிற்க வேண்டும், எல்லோருக்கும் சம உரிமை வேண்டும், சபையும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதையே இங்கே லிபரல் அரசியல் என்கிறேன். இது விசுவாசத்தோடு சேருமா? சேரும், நன்றாகவே சேரும் என்பது என் கருத்து. ஆனால் தன் கட்சியிடம் ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் விசுவாசத்துக்கு இருக்கும்வரைதான்.

முதலில் தெற்கு மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு பாப்டிஸ்டுகளை (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவினர்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஜார்ஜியாவின் ஜிம்மி கார்ட்டர் தன்னை ‘மறுபடியும் பிறந்தவர்’ என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, ஜனநாயகக் கட்சி சார்பில் 1976 அதிபர் தேர்தலில் வென்றவர். பதவி போன பிறகும் பல்லாண்டுகள் தன் சின்ன ஊரான பிளெய்ன்ஸில் ஞாயிறு பள்ளி நடத்தினார். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் பெரிய சபையொன்றை எழுப்பியவர் ஜெரி ஃபால்வெல். 1965-இல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, போதகரின் வேலை அரசியல் அல்ல, ஆத்தும ஆதாயம்தான் என்று பிரசங்கித்தார். அந்த நிலைப்பாட்டைப் பின்னாளில் அவரே கைவிட்டு, 1979-இல் பழமைவாதக் கிறிஸ்தவர்களை அரசியலுக்குத் திரட்டும் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கார்ட்டரைத் தோற்கடிக்க அது வேலை செய்தது.

ஃபால்வெல் வழிக்கு ஒரு பலம் உண்டு. அரசியல் நமக்கானதல்ல என்று ஒதுங்கியிருந்த எளிய விசுவாசிகளை அது வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தது. கருவில் உள்ள உயிரைப் பற்றிய கேள்வியைப் பொதுமேடையில் வைத்தது. மணமாகாத தாய்மார்களுக்கு ஃபால்வெல் விடுதியும் நடத்தினார். இதையெல்லாம் மறைத்துவிட்டு அலசுவது நியாயமாகாது.

ஆனால் இவர்களுக்கும் குடியரசுக் கட்சிக்குமான இந்தக் கூட்டணி என்றைக்கும் இருந்தது என்று நினைப்பது தவறு. 1971-இல் செயின்ட் லூயிஸில் கூடிய தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு (‘மாநாடு’ என்பது அந்தச் சபைகளின் கூட்டமைப்புக்கே பெயர்), பலாத்காரம், கடும் ஊனம், தாயின் உடல், மன நலத்துக்குக் கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு 1973-இல் வந்தது. கருக்கலைப்பைக் கண்டித்து ஃபால்வெல் முதல் பிரசங்கம் செய்தது 1978-இல். 1980-இல் அவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் ரீகன், கலிபோர்னியா ஆளுநராக 1967-இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். தோற்ற கார்ட்டரோ, கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் தருவதை எதிர்த்தவர். விசுவாசம் வழிகாட்டி, கட்சி பின்னால் வந்த கதையாக இது எனக்குத் தெரியவில்லை. 1985-இல் தென்னாப்பிரிக்கா போய் வந்த ஃபால்வெல், ரீகனைப் போலவே அந்நாட்டின் நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைகளை எதிர்த்தார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவைப் போலி என்றும் சொன்னார். பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. ஆனாலும் நிறவெறியை எதிர்த்து நின்ற ஒரு கிறிஸ்தவத் தலைவரைவிடத் தன் கட்சியின் வெளியுறவுக் கொள்கை அவருக்கு நெருக்கமாகத் தெரிந்திருக்கிறதே, அதுதான் வருத்தம்.

அடுத்து, விசுவாசத்தோடு லிபரல் அரசியலில் இறங்கியவர்களின் வழிக்கு வருவோம். 1911-இல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் ஆலை எரிந்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் குடியேறிய இளம்பெண்கள். அதை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933-இல் தொழிலாளர் துறை அமைச்சரானார். முதியோருக்கும் வேலையிழந்தோருக்கும் கைகொடுக்கும் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அவருடைய உழைப்பு நிறைய. அந்தப் பரபரப்பான ஆண்டுகளிலும் மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில்லில் உள்ள ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்துக்குப் போய்த் தங்கி, மௌனத்திலும் ஜெபத்திலும் இருந்துவிட்டு வருவார். ஜெபமும் சட்டமும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன.

மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் அவர் ஒரு போதகர் என்பதை அவரைப் போற்றுகிறவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்த மாண்ட்கோமெரி பேருந்துப் புறக்கணிப்பு வளர்ந்தது சபைக் கட்டடங்களுக்குள், ஜெபத்தோடும் பாட்டோடும். ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது’ என்ற ஆமோஸின் வசனம் அவர் பேச்சில் அலங்காரமாக வரவில்லை. அவர் கோரிக்கையே அதுதான். சிவில் உரிமைச் சட்டத்திலும் (1964) வாக்குரிமைச் சட்டத்திலும் (1965) கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்ட நண்பர்! அப்படியிருந்தும் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு ஆலயத்தில் நின்று, ஜான்சனின் வியட்நாம் போரைக் கண்டித்தார். தன் ஊழியத்தின் அழைப்பையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். பெரிய பத்திரிகைகள் திட்டின, கூட இருந்தவர்களே சங்கடப்பட்டார்கள். நான் சொன்ன அந்தத் தைரியத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

‘லிபரல் அரசியலுக்குப் போனால் உபதேசம் நீர்த்துவிடும்’ என்பது வழக்கமான எதிர்ப்பு. வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் இதற்கு நேர் மறுப்பு. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக மூன்று முறை நின்றவர். வருமான வரிக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் குரல் கொடுத்தவர். அவர்தான் 1925-இல் டென்னசியில் பரிணாமக் கொள்கைக்கு எதிராக வழக்காடியவரும். ஆனால் 1924 கட்சி மாநாட்டில் வெள்ளையின வெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டாம் என்று வாதாடினார். தன் கட்சி உடையக்கூடாது என்ற கவலை அவரையும் மடக்கிவிட்டது.

மூன்றாவது வழி, இரண்டு கட்சியிலும் வீடு இல்லாதவர்களின் வழி. கத்தோலிக்கரான டோரதி டே 1933-இல் ஒரு சென்ட் விலையில் தொழிலாளர் பத்திரிகை தொடங்கி, பசித்தவர்களுக்கு வீடுகள் திறந்தார். போரையும் எதிர்த்தார், கருக்கலைப்பையும் எதிர்த்தார். சிகாகோவின் கர்தினால் பெர்னார்டின் 1983-இல் அணு ஆயுதம், மரண தண்டனை, வறுமை, கருக்கலைப்பு எல்லாவற்றையும் உயிர் என்ற ஒரே கேள்வியாகப் பார்க்கச் சொன்னார். மூன்றிலும் கலப்படம் குறைந்தது இதுதான். ஆனால் இதற்கென்று வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் இல்லை. டே கஞ்சி ஊற்றினார். ஓய்வூதியத்தைக் கொண்டுவர ஒரு பெர்கின்ஸ் தேவைப்பட்டார். அதனால் நான் இரண்டாம் வழியின் பக்கமே நிற்கிறேன்.

அந்த வழியின் பலவீனமும் கருக்கலைப்பில்தான் இருக்கிறது. ‘சபையின் போதனையை நான் ஏற்கிறேன், ஆனால் அதைச் சட்டமாக எல்லோர் மேலும் திணிக்க முடியாது’ என்று கத்தோலிக்கரான நியூயார்க் ஆளுநர் மரியோ கூமோ 1984-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் வாதிட்டார். மனச்சாட்சிமேல் அரசு கைவைக்கக்கூடாது என்பது பாப்டிஸ்டுகளின் பழைய பாடமும்கூட. 1636-இல் ப்ராவிடன்ஸ் குடியிருப்பை ரோஜர் வில்லியம்ஸ் அமைத்ததே அதற்காகத்தான். அதுவரை சரி. ஆனால் ‘நான் ஏற்கிறேன்’ என்பது அத்தோடு மௌனமாகிவிட்டால், கட்சி கேட்டதை விசுவாசம் கொடுத்துவிட்டது என்றுதான் பொருள். கருக்கலைப்பை எதிர்த்த இல்லினாய் கத்தோலிக்கர், நாடாளுமன்ற உறுப்பினர் டான் லிப்பின்ஸ்கி 2020-இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலிலேயே பதவியை இழந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு இடமில்லாமல் போனதைப் பற்றி லிபரல் கிறிஸ்தவர்கள்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

அப்புறம், ‘லிபரல் சபைகள் காலியாகின்றனவே’ என்ற கேள்வி. உண்மைதான், எபிஸ்கோப்பல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1960-களின் நடுவிலிருந்து சுருங்கி வருகின்றன. ஆனால் எதிர்த்திசையில் போன தெற்கு பாப்டிஸ்ட் மாநாடும் 2006-இல் இருந்த 1.6 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிலிருந்து 2023-இல் 1.3 கோடிக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. பெண்களின் இடத்தைக் குறுக்கியதற்காக 2000-இல் கார்ட்டர் விலகியது அந்த மாநாட்டிலிருந்துதான். கிங்கின் பழைய எபினேசர் சபையிலோ, இன்றைய போதகர் ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் செனட்டராகவும் இருந்துகொண்டே பிரசங்கம் செய்கிறார்.