கல்யாண வீட்டில் மாறாத பிளாஷ் வெளிச்சம்: கொடொக்ஸ் வி860-2, எக்ஸ்புரோ ட்ரிகர் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சில வருடங்களாகத் திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் எடுக்கும் கல்யாணங்கள் எல்லாம் இரண்டு கொடொக்ஸ் வி860-2 பிளாஷ்களிலும் கமராவின் மேல் இருக்கும் ஒரு எக்ஸ்புரோ ட்ரிகரிலும்தான் (தள்ளி நிற்கும் பிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்கவைக்கும் கருவி) ஓடுகின்றன. கமரா கெனன். பிளாஷ் வாங்க யோசிப்பவர்கள் முதலில் கேட்பது பவர் எவ்வளவு என்று. கல்யாண வேலைக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாமல் நிற்குமா என்பதுதான். அல்பத்தின் ஒரு பக்கத்தில் கூறை கொடுக்கும் படம், எதிர்ப்பக்கத்தில் தாலி கட்டும் படம். ஒன்றில் பொம்பிளையின் முகம் மாநிறமாகவும் மற்றதில் வெளிறியும் இருந்தால் அந்தப் பக்கமே கெட்டுப்போகும்.

டி.டி.எல் என்ற தானியங்கி முறையில் போட்டுவிட்டால் கமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது செய்வது இவ்வளவுதான்: படம் பதிவாவதற்குச் சற்று முன் பிளாஷ் சின்னதாக ஒருமுறை மின்னும். பட்டுத் திரும்பும் ஒளியைக் கமரா அளந்து, முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு பவரைத் தீர்மானிக்கும். எங்கள் மணவறையில் சாம்பல் நிறம் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை. பொம்பிளைக்கு அரக்குக் கூறை. ஃபிரேமில் மாப்பிள்ளை கூடுதலாக வந்தால் படம் இருட்டும், பொம்பிளை கூடுதலாக வந்தால் வெளிறும். பதக்கத்தில் ஒளி நேராகப் பட்டுத் தெறித்தால் இன்னும் இருட்டு. தேவாலயக் கல்யாணத்தில் வெள்ளைக் கவுணும் கறுப்புக் கோட்டும் இதையே இடம் மாற்றிச் செய்யும். இது எந்தக் கம்பனியின் பிளாஷுக்கும் பொருந்தும். 2004இல் வந்த கெனனின் இ-டி.டி.எல் 2, லென்ஸ் சொல்லும் தூரத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் முந்தியதைவிட நல்லது. ஆனால் பிளாஷின் தலையைக் கூரைப்பக்கம் திருப்பினால் அந்தத் தூரக் கணக்கும் உதவாது.

இதற்குப் பரீட்சை தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் எழும்ப, சபையும் எழும்பி அட்சதை போடும். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாமா ஃபிரேமின் ஓரத்தில் கையை உயர்த்தினாலே டி.டி.எல் அந்தச் சட்டையையும் கணக்கில் எடுத்து முகங்களை இருட்டாக்கிவிடும். கை இறங்கினால் அடுத்த படத்தில் முகம் திரும்பவும் ஏறும். அதனால் மணவறைக்கு எப்போதும் மனுவல்தான், அதாவது பவரை நானே ஒரு எண்ணில் நிறுத்திவைப்பேன். மாமா வந்தாலும் போனாலும் முகத்தில் விழும் ஒளி அதேதான். இன்னொரு நன்மையும் உண்டு. டி.டி.எல்லின் முன்மின்னலுக்கே கண்ணை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், படத்தில் அவர்களின் கண் பாதி மூடியபடி வரும். மனுவலில் முன்மின்னல் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை.

என் வழக்கமான அளவு இது. ஒரு பிளாஷை ஒளி பரப்பும் குடைக்குள் வைத்து ஸ்ராண்டில் ஏற்றி, மணவறையின் ஒரு பக்கத்தில் தலைக்கு மேலே வரும்படி சுமார் 3 மீட்டர் தள்ளி நிறுத்துவேன். பவர் 1/8, ஐ.எஸ்.ஓ 800, எஃப் 5.6, ஷட்டர் 1/160. இரண்டாவது பிளாஷ் எதிர்ப்பக்கம், இன்னும் குறைந்த பவரில், நிழலைக் கொஞ்சம் இளக்குவதற்கு மட்டும். இப்படி வைத்தால் நான் முன்னால் போய் எடுத்தாலும் பின்னால் வந்து எடுத்தாலும் வெளிச்சம் மாறாது. விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம்தானே கணக்கு, கமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் இல்லை.

ஸ்ராண்டைக் கிட்டக் கொண்டுபோனால் ஒளி மென்மையாக விழும், வடிவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் 1.5 மீட்டரில் விளக்கு இருக்கும்போது மாப்பிள்ளை அரை மீட்டர் பின்னால் சாய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஸ்டொப் குறையும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்). 3 மீட்டரில் இருந்தால் அதே அரை மீட்டருக்கு அரை ஸ்டொப்கூடக் குறையாது. ஓமகுண்டத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும் சடங்குகளுக்குத் தள்ளி நிற்கும் விளக்கே எனக்கு நம்பிக்கை. புகைக்கும் அதுதான் நல்லது. கமராவின் தலையிலிருந்து நேராக அடித்தால் முன்னால் நிற்கும் ஓமப்புகைதான் முதலில் வெளுக்கும், ஆட்கள் அதற்குப் பின்னால் மங்குவார்கள்.

எக்ஸ்புரோவில் எனக்கு மிகவும் பிடித்தது டி.சி.எம் பொத்தான். டி.டி.எல்லில் ஒரு படம் எடுத்து, அது சரியாக வந்தால் பொத்தானை அழுத்துங்கள். கமரா கணக்குப் போட்ட பவரை அப்படியே மனுவல் எண்ணாக மாற்றித் தரும். ஐயர் சாமான்களை ஒழுங்குபடுத்தும் நேரத்தில் தோழனை மணவறையில் இருத்தி இதைச் செய்துவிடலாம். சரிபார்க்கும்போது கமராத் திரையின் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். பகல் பந்தலில் திரை ஒன்றைக் காட்டும், கணினி வேறொன்றைக் காட்டும். ஹிஸ்டோகிராமையும் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்), வேட்டியின் மடிப்பில் ஒளி எரிந்து மின்னுகிறதா என்பதையும் பாருங்கள்.

டி.டி.எல்லை ஒரேயடியாகத் தள்ளிவைக்கவும் இல்லை. மாப்பிள்ளை வாசலில் இறங்குவது, ஆலாத்தி, கூட்டத்துக்குள் நடந்து வருவது, இவற்றில் தூரம் நொடிக்கு நொடி மாறும். அங்கே டி.டி.எல், வெள்ளை அதிகம் என்றால் +2/3 கூட்டி வைப்பேன். ஆனால் கூரைக்கு அடித்துத் திருப்புவதை நம்பிப் போக வேண்டாம். மண்டபங்களில் கூரைக்குக் கீழே ரோஸிலும் மஞ்சளிலும் துணி கட்டியிருப்பார்கள். அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் நடக்கும் வரவேற்புகளில் திருப்பி அடிக்கக் கூரையே கிடையாது.

வீடியோக்காரரின் எல்.இ.டி விளக்கு இன்னொரு தலையிடி. அவர் அணைத்துப் போட்டால் பின்னணி மாறும், முகமும் மாறும். ஷட்டரைக் கொஞ்சம் கூட்டி அந்த ஒளியை அடக்கி, முகத்துக்குப் பிளாஷே முதன்மையாக நின்றால் வித்தியாசம் தெரியாது. கமரா அனுமதிக்கும் சிங்க் வேகத்தை, அதாவது பிளாஷோடு சேர்ந்து ஓடக்கூடிய உச்ச ஷட்டர் வேகத்தை, தாண்டாதவரை ஷட்டர் பிளாஷின் அளவை மாற்றாது.

லித்தியம் பற்றரி இந்த பிளாஷின் பெரிய பலம். முழுப் பவரில் 650 தடவை என்று கம்பனி சொல்கிறது. 1/8இல் ஓடினால் ஒரு கல்யாணம் தாராளமாகப் போகும். முழுப் பவரில் அடித்தால் திரும்ப நிரம்ப 1.5 விநாடி வேண்டும், அதற்குள் அடுத்த படத்தை அழுத்தினால் ஒளி குறைந்துதான் வரும். அட்சதை நேரத்தில் தொடர்ந்து அடிப்பதற்குக் குறைந்த பவரில் இருப்பதே பாதுகாப்பு. எங்கள் ஊர்க் கடற்காற்றின் உப்பு, கமராவின் மேல் ட்ரிகர் பொருந்தும் இடமான ஹொட்ஷூவின் உலோக முனைகளில் மெல்லப் படியும். ஆல்கஹோல் தொட்ட துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஸ்ராண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் குடையை விரிக்கவே கூடாது. மற்றொரு படக்காரரும் கொடொக்ஸ் வைத்திருந்தால் அவருடைய ட்ரிகர் உங்கள் பிளாஷை அடிக்காதபடி சனல் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ராண்டுக்குக் கிட்ட நின்று எடுக்கும்போது ட்ரிகரின் தூரத்தை 0-30 மீட்டருக்கு மாற்றினால் அடிக்காமல் போவது குறையும்.

"அண்ணை, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையா எடுங்கோ" என்று வீட்டுக்காரர் கேட்பார்கள். நான் அதற்காக பிளாஷைக் கூட்டுவதில்லை. கூட்டினால் நெற்றியும் மூக்கும் எரிந்து, கூறையின் சரிகை வெறும் வெள்ளைக் கோடாகும். அந்தப் பிள்ளையின் நிறம் அவளுடையது. அது பொன்னுருக்கல் தொடக்கம் வரவேற்பு வரை ஒரே நிறமாக வந்தால், கேட்டவர்களே அல்பத்தைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள்.

ஒரு பிளாஷுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இரண்டாவது பிளாஷைத் தள்ளிப்போடுங்கள், ட்ரிகரையும் ஸ்ராண்டையும் தள்ளிப்போட வேண்டாம். கமராவின் தலையில் இரண்டு மடங்கு பவர் இருப்பதைவிட, மணவறைக்குப் பக்கத்தில் 3 மீட்டரில் அசையாமல் நிற்கும் ஒன்றே போதும்.