தக்கலையில் ஒரு வாசிப்பு வகுப்பு: பன்னிரண்டு வாரம் படித்தபின் எழுதுவது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையின் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடியில், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை முதல் எட்டு மணி வரை நடக்கும் ஆங்கில வாசிப்பு வகுப்பில் நானும் என் அக்கா மகளும் பன்னிரண்டு வாரம் படித்தோம். கட்டணம் ஆளுக்கு 3,600 ரூபாய். பாடத்தாள்களின் நகலெடுப்புச் செலவும் அதில் அடக்கம். குறைகளையும் எழுதப்போவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் வேறு ஊரில் நடக்கும் வகுப்பில் சேர நினைப்பவருக்கும் இது உதவும் என்பதால் பெயர் இல்லாதது பெரிய இழப்பாக இராது.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். வெளியூர் நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புவதும் என் வேலைதான். இருபது ஆண்டுகளாக ஒரே நான்கு வாக்கியங்களை மாற்றி மாற்றி அனுப்பி வந்தேன். அக்கா மகள் செவிலியர் படிப்பு முடித்துத் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவள், இங்கிலாந்து செல்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி.க்குத் தயாராகிறாள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது என்பதால் ஆங்கில வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முப்பது நாளில் பேச வைப்பதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும், தேர்வின் பழைய வினாத்தாள்களை வாரி இறைக்கிறவர்களும்தான் அதிகம். படிக்க வைத்து மொழி கற்பிப்பதாகச் சொன்னது எங்களுக்குத் தெரிந்து இந்த ஒன்றே.

வகுப்பின் முறை எளிமையானது. இருபத்துநான்கு அமர்வுகளும் பண்பாடு, பொழுதுபோக்கு, தகவல் தொடர்பு என எட்டெட்டாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நாளும் நானூறு முதல் அறுநூறு சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையைக் கையில் தருவார்கள். முதல் கால்மணி நேரம் எவரும் வாய் திறக்கக்கூடாது, கைப்பேசியையும் அகராதியையும் தொடக்கூடாது. தெரியாத சொற்களில் ஐந்துக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு இடலாம். ஆறாவது சொல் எவ்வளவு உறுத்தினாலும் விட்டுவிட வேண்டும். இரண்டாம் வாசிப்பில் ஆசிரியர் உரக்கப் படிப்பார்; அதன் பிறகுதான் பேச்சு. ஐந்து சொல் என்ற இந்தக் கட்டுப்பாட்டைத் தொடக்கத்தில் விளையாட்டு என்றே நினைத்தேன். சொற்களைக் கற்பது பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த நியூசிலாந்தின் பால் நேஷன், ஒரு பகுதியை யார் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள அதன் சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டியிருப்பதை ஆசிரியர் விளக்கிய பிறகுதான் அதன் காரணம் பிடிபட்டது. நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாமல் இருக்கலாம். பத்து தெரியாவிட்டால் அது வாசிப்பு அல்ல, கல் பொறுக்குவது. எனவே முதல் மூன்று வாரங்களுக்கு, 1959இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் நின்று எழுதத் தொடங்கிய எளிய ஆங்கில நடையைப் பின்பற்றிய கட்டுரைகளையே தந்தார்கள். நாற்பத்தாறு வயதில் ஒரு முழு ஆங்கிலப் பக்கத்தைத் தடுமாறாமல் படித்து முடித்தது எனக்கு அங்கேதான் முதல் முறை.

ஐந்தாம் வாரத்தில் வில்லுப்பாட்டைப் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. கோயில் கொடைகளில் சிறுவயது முதல் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. வில், அதில் கட்டிய மணிகள், குடம், உடுக்கை, வீசுகோல் எல்லாம் கண்முன் நிற்பவை. ஆங்கிலம் மட்டுமே புதிது. தலைமைப் பாடகர் வில்லின் நாணை அடிக்கிறார் என்ற இடத்தில் வந்த அதே எழுத்துக் கூட்டல், கடைசிப் பத்தியில் குழுவினர் அவையை வணங்குகிறார்கள் என்ற இடத்திலும் வந்தது. முதலாவதை ‘போ’ என்றும் இரண்டாவதைப் ‘பௌ’ என்றும் ஒலிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வதற்கு முன்பே, இவை இரண்டும் ஒரே பொருளாக இருக்க முடியாது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் பாட்டு முடிந்த பிறகு எவரும் வில்லை எடுத்து அடிப்பதில்லை. அதைவிட எனக்கு வியப்பளித்தது ‘ரிஃப்ரெயின்’ என்ற சொல். மருத்துவமனைச் சுவரில் அதைத் தவிர்க்கவும் என்ற பொருளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பின்பாட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பப் பாடும் அடிக்கும் அதே பெயர் என்பதைக் கட்டுரையே சொல்லிக்கொடுத்தது. அகராதியைப் புரட்டியிருந்தால் இரண்டு பொருளையும் எழுதி வைத்து அடுத்த வாரமே மறந்திருப்பேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் முத்தாரம்மன் கோயில் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது.

இதற்கு நேர்மாறாக அமைந்தது ஏழாம் வாரம். அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியைப் பற்றியும், பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றும் ஹாலோவீன் நாளைப் பற்றியும் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் தந்தார்கள். சொற்கள் கடினமானவை அல்ல; எளிதாகப் படித்த எவருக்கும் எதுவும் பதியவில்லை. ஆட்டத்தின் விதி தெரியாமல் ஆட்ட வர்ணனையைப் படிப்பவனுக்குச் சொல் தெரிந்தாலும் பொருள் தெரியவில்லை, எந்தப் பக்கம் பிடித்துக்கொள்வது? பிறர் பண்பாட்டை அறியாமல் அவர்கள் மொழியை எப்படிக் கற்பது என்று ஆசிரியர் கேட்டதில் நியாயம் இருந்தாலும், அதற்கான இடம் ஏழாம் வாரம் அல்ல, பதினொன்றாம் வாரம் என்பதே என் கருத்து. அதற்கடுத்த வாரம் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றிய கட்டுரை வந்ததும் வகுப்பு மீண்டும் உயிர்பெற்றது. 115 அடி உயரத்தில் 28 தூண்களின் மேல் ஒரு கால்வாய் ஆற்றைக் கடந்து போகிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எத்தனை முன்னிடைச் சொற்கள் தேவைப்படுகின்றன என்பதை, அந்தப் பாலத்தில் நடந்து கீழே பரளியாற்றை எட்டிப் பார்த்துத் தலைசுற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மேலே, குறுக்கே, வழியாக, அடியில் என்று ஒவ்வொன்றும் காலடியிலேயே இருந்தது.

பொழுதுபோக்குப் பகுதியைப் பற்றி என் அக்காவுக்குத் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. பணம் கட்டிச் சினிமாச் செய்தி படிப்பதா என்று கேட்டார்கள். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் மலையாளம் பேசத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அதற்காக இலக்கணப் புத்தகம் வாங்கியவர்கள் அல்லர். திரைப்படமும் பேருந்தும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் வரிசையும்தான் அவர்களுக்கு ஆசிரியர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்னர் மலையாளத்தில் பள்ளிப்படிப்பு படித்த பெரியவர்கள் சில வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். தெரியாத சொல்லைச் சூழ்நிலையைக் கொண்டு ஊகித்துக்கொள்வது நமக்குப் பழகிய வித்தை. ஆங்கிலம் என்று வந்தால் மட்டும் அதை ஏனோ பள்ளிக்கூடத்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

திரைவிமர்சனங்களைப் படித்த நாளில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘காஸ்ட்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆசிரியர் கேட்டார். அக்கா மகள் உடனே எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டு என்றாள். குளச்சலிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் வலை வீசுவது என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சாதியா என்று கேட்டார்; அதன் கடைசியில் ஓர் எழுத்துக் கூடுதல் என்று ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டினார். கட்டுரையிலோ அது நடிகர் குழுவைக் குறித்தது. நெடுஞ்சாலையோரம் மனை விற்கும் பலகைகளில் காணும் ‘ப்ளாட்’ கதைப்பின்னலாகவும் சதியாகவும் ஆகும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. “மாமா, சினிமாவுக்கும் நிலத்துக்கும் ஒரே வார்த்தை, ரெண்டுலயும் ஏமாத்துதான்” என்று படியிறங்கும்போது அவள் சொன்னாள். இதுபோன்ற பேச்சு நடப்பதற்காகவே அந்த மாடிக்கு ஏறலாம்.

தகவல் தொடர்புப் பகுதியே வகுப்பின் சிறந்த பகுதி. அது கடைசியில் வருவதால் பாதியில் நின்றுவிடுகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. நலமா என்று கேட்டால் ‘நாட் டூ பேட்’ என்று பதில் சொல்லும் ஆங்கிலேய நோயாளி நன்றாகவே இருக்கிறார் என்பதையும், ‘க்வைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் பாராட்டு, ஆங்கிலேயர் சொன்னால் பல சமயம் பரவாயில்லை என்ற அளவோடு நின்றுவிடும் என்பதையும் இரண்டு சிறு கட்டுரைகள் உரையாடல்களோடு விளக்கின. ஓ.ஈ.டி.யின் பேச்சுத் தேர்வில் நோயாளியோடு அல்லது உறவினரோடு பேசுவது போன்ற இரண்டு நடிப்புப் பயிற்சிகள் இருப்பதால் அக்கா மகளுக்கு அந்த வாரம் நேரடியாகப் பயன்பட்டது. எனக்குப் பயன்பட்டது ‘டேபிள்’ என்ற வினைச்சொல். ஒரு கோரிக்கையை டேபிள் செய்தோம் என்றால் இங்கிலாந்தில் விவாதத்துக்கு எடுத்தோம் என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திவைத்தோம் என்று பொருள். விலைப்பேச்சின் நடுவே இப்படி ஒரு சொல் வந்தால் யாருக்கு நட்டம் என்று நினைத்துப் பார்த்தேன். ‘டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்க) என்று எல்லாக் கடிதத்தையும் முடிக்கும் என் வழக்கம் பிழையல்ல, ஆனால் இந்தியாவுக்கு வெளியே இன்று பழங்காலத்து வாடை அடிக்கும் என்றும் ஆசிரியர் நயமாகச் சொன்னார். எந்தப் பொருளை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று இப்போது நேராக எழுதுகிறேன். பதில்கள் விரைவாக வருகின்றன.

இனிக் குறைகள். பாடத்தாள்கள் நகலின் நகலாக இருப்பதால் சில பக்கங்களில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வாசிப்பு வகுப்பில் இது சிறிய குறை அல்ல. விடைத்தாளில் மூன்று இடங்களில் பிழை இருந்தது. சுட்டிக்காட்டியபோது ஏற்றுக்கொண்டார்களே தவிர அடுத்த குழுவுக்குத் திருத்தித் தந்ததாகத் தெரியவில்லை. முதன்மை ஆசிரியர் வராத நான்கு நாள்களில் வந்த மாற்று ஆசிரியர் ஒவ்வொரு வரியையும் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். பென்சிலும் மௌனமுமாக நடந்த வகுப்பு அன்று பழைய பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டுரையின் ஒலிப்பதிவையும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதாகச் சேரும்போது சொன்னார்கள். வந்தவை ஒன்பது மட்டுமே. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது நடத்துபவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மழைக்காக நின்றுபோன இரண்டு அமர்வுகளுக்கு ஈடு செய்யவில்லை, அதைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்ற ஒரே பதில்.

யார் சேரலாம் என்று கேட்டால், ஆங்கில நாளிதழின் தலைப்புகளை ஓரளவு புரிந்துகொண்டு செய்திக்குள் நுழையத் தயங்குகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு முதல் மூன்று வாரங்களே பாரமாக இருக்கும். எங்களோடு சேர்ந்தவர்களில் இருவர் அப்படித்தான் நின்றுபோனார்கள். அடுத்த மாதமே தேர்வு எழுதுகிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஓ.ஈ.டி. வாசிப்புத் தேர்வில் 60 நிமிடத்தில் 42 வினாக்கள். அதிலும் முதல் பகுதியின் 20 வினாக்களுக்கு 15 நிமிடமே உண்டு. அந்த ஓட்டத்துக்குக் கடிகாரத்தை வைத்துத் தனியாகப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அக்கா மகள் இப்போது காலையில் அதைச் செய்கிறாள், மாலையில் ஏதேனும் ஒரு கட்டுரையைப் பென்சிலோடு படிக்கிறாள். பயிற்சித் தாளில் மருந்தளவு பற்றிய பத்தியில் தெரியாத சொல் வந்தால் முன்பு போல் நின்றுவிடாமல் தாண்டிப் போகப் பழகியிருப்பதாகச் சொல்கிறாள்.

சேருகிறவர்கள் செவ்வாய், வியாழன் குழுவையே கேட்டு வாங்குங்கள்; மாற்று ஆசிரியர் பெரும்பாலும் சனிக்கிழமைக் குழுவைத்தான் எடுக்கிறார். கடைசிப் பேருந்தை நம்பி வருகிறவர்கள் எட்டு மணிக்கு எழுந்துவிடுங்கள், பேச்சு எட்டேகாலுக்குத்தான் முடியும். இரண்டாம் நிலை வகுப்புக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். பாதி கட்டியிருக்கிறேன், மழையில் போன இரண்டு நாள்களுக்கு ஈடு சொன்ன பிறகு மீதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.