பெண்களுக்கு இலவச வக்கீல்: சட்டப் பணிகள் ஆணைக்குழு பற்றி எங்கள் அனுபவம்

விவாகரத்து, ஜீவனாம்சம் என்று அலையும் பெண்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், முதலில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். என் தங்கையின் வழக்கை அங்கே நியமித்த வக்கீல்தான் நடத்துகிறார். பரம ஏழைகளுக்கு மட்டும்தான் இலவச வக்கீல் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. 1987ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. தங்கை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைத்தாளில் ஒரு மனு, ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, அவ்வளவுதான்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே டி.என்.ஏ. விஷயத்துக்காகத்தான். ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டதும், குழந்தையே தன்னுடையது இல்லை, டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட வேண்டும் என்று தங்கையின் கணவர் தரப்பில் மனு போட்டார்கள். தங்கை உடைந்துபோய், "எடுத்துக்கட்டும், எனக்கென்ன பயம்" என்றாள். வக்கீலம்மா சம்மதிக்கவில்லை. "நீ பயப்படலைம்மா, சரி. ஆனா நாளைக்குப் பெரியவளாகி இந்தக் கேஸ் கட்டைப் படிக்கப்போறது உன் பொண்ணு" என்றார். கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், பழைய சாட்சியச் சட்டத்தில் 112ஆம் பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 116. அந்தக் காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், சந்தேகம் என்று சொன்னாலே சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லியிருக்கிறது. வக்கீலம்மா எங்களிடம் கேட்டது பழைய ஸ்கேன் ரசீதுகளை. அதில் ஒரு படிவத்தில் கணவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து நீல மையில் பளிச்சென்று இருந்தது. டி.என்.ஏ. மனு தள்ளுபடி ஆனது. பெரிய தொகை வாங்கும் வக்கீலாக இருந்தாலும் இதைவிட நன்றாக வாதாடியிருப்பாரா என்று எனக்குத் தோன்றவில்லை.

குறையும் இருக்கிறது. எங்களுக்கு முதலில் கொடுத்த வக்கீல் வாய்தாவுக்கு வரவே மாட்டார், போனும் எடுக்க மாட்டார், தங்கை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கோர்ட் வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்புவாள். ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி, அவரிடம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்த வக்கீலம்மா வந்தார். வக்கீலை மாற்றக் கேட்கலாம் என்பதையே நாங்கள் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதை அந்த அலுவலகச் சுவரிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், எங்கள் சித்திக்குத் தத்து பற்றி ஒரு சந்தேகம், அதையும் அங்கேயே கேட்டோம். சொந்தத்தில் எடுப்பதென்றால் 1956ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பெற்றவர்கள் இருவரின் சம்மதத்தோடு பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள், குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் குழந்தை என்றால் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும், 2022 முதல் அதற்கு ஆணை தருவது கோர்ட் இல்லை, கலெக்டர் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் கிட்டவே சேர்க்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நேரில் போக முடியாதவர்கள் 15100க்கு போன் செய்யலாம். கோர்ட் கட்டணத்தையும் ஆணைக்குழுவே பார்த்துக்கொள்கிறது. வக்கீலோ குமாஸ்தாவோ தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அவர்கள் உங்களிடம் வாங்கவே கூடாது, நேராகச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.