மச்சான் கொண்டுவரும் பினோ நுவார்: நாலு வருச அனுபவம்

என் மாமா மகன் நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோவில், ஒரு குடும்பம் தானே பயிரிட்டுத் தானே வைன் வடிக்கும் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறான். நாலு வருசமாக லீவில் வரும்போதெல்லாம் அவர்களுடைய பினோ நுவார், அதாவது அதே பெயருள்ள திராட்சையில் வடித்த சிவப்பு வைன், இரண்டு போத்தல் நுவரெலியாவுக்கு வந்துவிடும்.

முதல் போத்தலை நான் பாழாக்கிவிட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஊற்றி, ரொட்டியும் கட்டைச் சம்பலுமாகச் சாப்பிட்டோம். வாசமே எழவில்லை. காரத்தோடு சேர்ந்து தொண்டை எரிந்ததுதான் மிச்சம். வெளிறிய நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் கலந்ததோ என்றும் சந்தேகப்பட்டேன். சிவப்பு வைனுக்கு நிறம் பழத்தோலிலிருந்துதான் இறங்கும், துவர்ப்பிலும் ஒரு பங்கு அதிலிருந்து வரும். இந்தப் பழத்துக்குத் தோல் மெல்லிசு. நான் தேயிலை பெக்டரியில் ருசி பார்க்கிறவன். எங்கள் நுவரெலியாத் தேயிலையும் சாயம் குறைந்தது, வாசம் கூடியது. அந்தக் கண்ணோடு பார்த்த பிறகுதான் இந்த வைன் எனக்குப் பிடிபட்டது.

இப்போது ஃப்ரிட்ஜே தேவையில்லை. இதற்கு 14 முதல் 16 பாகை போதும்; 1,868 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரின் சராசரி வெப்பமே ஏறத்தாழ 16 பாகைதான். வாய் அகன்ற கிளாசில் கொஞ்சமாக ஊற்றினால் முதலில் ஸ்ட்ரோபெரி வாசம். அரை மணி கழித்து அதே கிளாசை முகர்ந்தால், மழை விட்ட பிறகு தேயிலை மலையில் எழும் ஈரமண் வாசம். நாக்கில் துவர்ப்பு மெல்லிசாக நின்று போகும். மிளகு போட்டுப் பிரட்டிய காளானுக்கு இதைவிடப் பொருத்தமான துணை நான் கண்டதில்லை.

மார்ச், ஏப்ரலில் குலைகளைக் கையால்தான் வெட்டுவார்களாம். சின்னக் குலை, பைன் காய் மாதிரி; பைனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘பினோ’ என்ற பெயர் வந்ததும் அதனால்தான். புளிக்கும்போது மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தடவை கையாலேயே கீழே அமுக்க வேண்டும். "முதுகு விட்டுப் போகும் மச்சான்" என்பான். கொழுந்துக் கூடை சுமந்த அம்மாவின் பிள்ளை அவன். அந்த வலி எனக்குத் தெரியும்.

குறையும் உண்டு. ஒரு வருசத்துப் போத்தல் புளிப்புத் தூக்கலாக இருந்தது. திறந்தால் இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும், மூன்றாம் நாள் வாசம் செத்துவிடும். தோட்டத்து லயத்தில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கிளாஸ், சாப்பாட்டோடு மட்டும்.

அலுமாரியின் அடித்தட்டில் இன்னும் ஒன்று கிடக்கிறது. மச்சான் வந்ததும் திறக்கலாம் என்கிறாள் மனைவி.